கார்த்தியோட ஸ்கேன் ரிப்போர்ட்டும் பெரியம்மா பார்த்த சீரியலும்

கீதா சித்தி: நேத்து கார்த்திக்கு வலிப்பு, அதான் பிட்ஸ் வந்துச்சுல்ல, அதுக்கு எடுத்த ஸ்கேன் வந்துடுச்சு. மூளையில ஒரே ஒரு சின்ன கட்டி. புழு முட்டையால வந்ததாம். இப்ப தெளிவா பேசறான். ரெண்டு இட்லி சாப்பிட்டான்.

பிரபு: புழுவா??

விஜயா பெரியம்மா: ஹவுஸ்னு அந்த இங்கிலீஷ் டாக்டர் சீரியல் முதல் எபிசோடுல இதேதான்! திவ்யா போட்டுக் காட்டினாளே. டீச்சர் ஒருத்தி பாடம் எடுக்கும்போதே பேச்சு வராம விழுவா. பன்னிக்கறியால வந்ததுன்னு முடிப்பாங்க. கீதா, பெங்களூர்ல என்ன சாப்பிட்டான்னு கேளு.

கீதா சித்தி: அவன் முட்டை கூட தொடமாட்டான்க்கா

ரமேஷ் மாமா: மறுபடியும் பெங்களூரா

விஜயா பெரியம்மா: நான் அப்பவே சொன்னேன்

சுமதி அத்தை: அவனை யாரும் கேள்வி கேட்டு நோகடிக்காதீங்க. நியூரோ வார்டுல வேலை பார்த்தவ சொல்றேன். பன்னிக்கறி சரியா வேகாம சாப்பிட்டா குடல்லதான் நாடாப்புழு வளரும். மூளைக்கு வர்ற வழி வேற. குடல்ல புழு இருக்கறவங்க மலத்துல முட்டை வரும். அவங்க கை கழுவாம சமைச்சாலோ, அந்த அசுத்தம் தண்ணியிலயும் பச்சைக் காய்லயும் கலந்தாலோ, அந்த முட்டை நம்ம வயித்துக்குள்ள போகும். அங்க பொரிஞ்சு, ரத்தத்தோட மூளைக்குப் போய் கட்டியா உக்காரும். சுத்த சைவத்துக்கும் வரும். நம்ம ஊர்ல புதுசா பிட்ஸ் வந்தா டாக்டருங்க முதல்ல சந்தேகப்படறதுல இது ஒண்ணு. டிபி கட்டியும் ஸ்கேன்ல இப்படியே தெரியும், அதான் இத்தனை டெஸ்ட்.

திவ்யா: பேரு நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். 2004ல வந்த எபிசோடு பெரியம்மா. நோய் சரி, காரணத்தைத்தான் பாதியில விட்டுட்டாங்க

பிரபு: தொத்துமா அத்தை?

சுமதி அத்தை: மூளையில இருக்கற கட்டி தொத்தாது. ஆனா வீட்டுல யார் குடல்லயாவது புழு இருக்கலாம். சமைக்கறவங்க மலம் டெஸ்ட் பண்ணிடுங்க.

விஜயா பெரியம்மா: என்னையா சொல்றே சுமதி

சுமதி அத்தை: எல்லாரையும்தான் அண்ணி

ரமேஷ் மாமா: சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. 150 இலை. ஞாயித்துக்கிழமை கார்த்தி நிச்சயதார்த்தம் இருக்கா இல்லையா?

விஜயா பெரியம்மா: பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட கார்த்திக்கு வைரல் ஜுரம்னு சொல்லிக்கலாம்

கீதா சித்தி: பொய் வேணாம்க்கா

சுமதி அத்தை: மறைக்காதீங்க. பிட்ஸ் மாத்திரையை டாக்டர் சொல்ற வரைக்கும் ஒரு வேளை கூட விடக்கூடாது. கூட வாழப்போறவளுக்குத் தெரியாம எப்படி? மறைச்சு கட்டிவெச்சு நம்ம வீட்டுல ஒருத்தி பட்டது போதும்.

விஜயா பெரியம்மா: அதை ஏன் இப்ப இழுக்கறே

பிரபு: நேத்து சாவி கொடுத்ததும்தானே நின்னுது

சுமதி அத்தை: தானா நின்னுது பிரபு. ஸ்பூன் வெச்சு உதடு கிழிஞ்சதுதான் மிச்சம். ஒருக்களிச்சுப் படுக்கவை, வாயில எதுவும் வைக்காதே, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

திவ்யா: ராத்திரி ஆஸ்பத்திரில யாரு?

பிரபு: நான் வரேன். போர்வை இருக்கா?

ரமேஷ் மாமா: 150 இலை??

கீதா சித்தி: கார்த்தியே அவளுக்குப் போன் போட்டுட்டான். அரை மணி நேரமா பேசறான்

விஜயா பெரியம்மா: என்ன சொல்றா?

சுமதி அத்தை: அது அப்புறம். முதல்ல அவனைத் தூங்கச் சொல்லு கீதா. தூக்கம் கெட்டா மறுபடி வரும்.