அப்பாவோட நெஞ்சுவலிக்கு இஇசிபி (EECP, கால்ல பட்டை கட்டி காத்தடிச்சி செய்யுத சிகிச்சை) செஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணாச்சி, அக்காமாரே, அம்பாசமுத்திரம் பக்கம் நாங்க. எங்கப்பாவுக்கு பைபாஸ் பண்ணி பல வருசமாச்சு, இப்போ திரும்பவும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல அடைப்பு, ஸ்டென்ட் வைக்கத் தோதில்ல, மறுபடி ஆபரேசனும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாவ. மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுதாவ, ஆனாலும் வலி விட்டபாடில்ல. கொல்லைக்குப் போயிட்டு வந்து படி ஏறுததுக்குள்ள நிலையப் புடிச்சிக்கிட்டு நின்னுருதாவ, சட்டைப்பையில இருக்க சார்பிட்ரேட் மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சி உக்காந்தாத்தான் தெளியுது. வயக்காட்டுல ஓடியாடுன மனுசன இப்படிப் பாக்க மனசு கேக்கல.

டாக்டர்தான் இஇசிபி பத்தி சொன்னாவ. கெண்டைக்கால், தொடை, இடுப்புன்னு பட்டை கட்டி, இசிஜி பாத்து இதயம் ஓய்வா இருக்க நேரத்துல காத்தடிச்சி இறுக்கி, ரத்தத்த இதயத்துப் பக்கம் தள்ளுவாவளாம், கத்தி கிடையாது. வழக்கமா தினம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், மொத்தம் 35 தடவ, 7 வாரம் ஓடிரும். இதயத்துல இருக்க அயோர்டிக் வால்வு ரொம்ப ஒழுகுனாலோ கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருந்தாலோ செய்யக்கூடாதாம், அப்பாவுக்கு இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் காலுக்கு டாப்ளர் ஸ்கேனும் பாத்தாச்சு, அந்தத் தொந்தரவு இல்ல.

பாளையங்கோட்டையில எங்கயாச்சும் செய்தாவளா, இல்ல மதுரைக்குத்தான் போணுமா? செலவு எவ்வளவு, காப்பீட்டு அட்டை செல்லுமா? செஞ்சவங்களுக்கு வலி கொறஞ்சிதா, எம்புட்டு நாள் தாங்குச்சு? பட்டை உரசி புண்ணு வந்துச்சா, அப்பாவுக்கு சுகரும் உண்டு, அதான் பயமா இருக்கு. பூண்டு லேகியம்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, மாத்திரைய நிறுத்த மாட்டோம். தெரிஞ்சவங்க இன்னைக்கே சொன்னா புண்ணியமா போவும், அடுத்த வாரம் டாக்டர்ட்ட முடிவு சொல்லணும்.