மறு: ‘நாடு கடந்த பனிச்சறுக்கு’ – வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள குழுவினருக்கு,

விளையாட்டுச் சொற்பட்டியலில் ‘கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்’ என்பதற்கு எதிரே ‘நாடு கடந்த பனிச்சறுக்கு’ என்று இருக்கிறது. நாடு கடந்து வந்தவன் நான். அந்த விளையாட்டு எந்த எல்லையையும் கடப்பதில்லை. அங்கே ‘கன்ட்ரி’ என்பது தேசமன்று, வெட்டவெளி.

பின்பாதியும் எனக்கு உறுத்துகிறது. சறுக்கு என்றால் மேலிருந்து கீழே வருவது. இதில் மேடும் பள்ளமும் சமவெளியும் சொந்தக் காலால்தான் கடக்க வேண்டும். காலணியின் முன்நுனி மட்டும் காலில் கட்டும் நீண்ட பலகையில் பூட்டியிருக்கும். நடப்பதற்கு வசதியாகக் குதிகால் எழும்பும். நோர்வேக்காரர்கள் ‘கோ போ ஷீ’ என்கிறார்கள், ‘ஷீ’ என்ற அந்தப் பலகையில் நடப்பது. ஆகவே நம் சொல்லும் ‘நடை’யில் முடியட்டும்.

போன ஈஸ்டர் விடுமுறையில் மகளுடன் யெண்டே ஏரிக்குப் போயிருந்தேன். நோர்வேயின் யூத்துன்ஹைமன் மலைகளுக்கு நடுவே, 984 மீட்டர் உயரத்தில், 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஏரி. கோடையில் அதில் படகு ஓடும், 1906 முதல். பனிக்காலம் முடியும்வரை உறைந்த ஏரியே பாதை. வழி தெரிவதற்காக பிர்ச் மரக் கிளைகளை வரிசையாகப் பனியில் நட்டு வைத்திருப்பார்கள். வேலிக்குக் கதியால் போட்டதுபோல இருந்தது எனக்கு. வழியில் நமக்குச் சொல் இல்லாத பொருள்களை மனத்துக்குள் குறித்துக்கொண்டே போனேன். சில தாமே வந்து விழுந்தன.

இரவில் உறைந்து மேலே தகடாக நிற்கும் பனி: பொருக்கு. புண் ஆறும்போது கட்டுவதும் வண்டல் காய்ந்து வெடிப்பதும் பொருக்குத்தானே? வெயில் ஏறியதும் அது இளகி மணிமணியாக உதிரும். அதற்குக் குறுணைப்பனி. பிற்பகலில் கணுக்கால் புதையும், அது கூழ்ப்பனி. இந்த மூன்றும் ஒரே நாளில் வருவதுதான் இளவேனிலின் தொல்லை. பனிக்கட்டிக்கு மேல் தேங்கும் உருகுநீரை இங்கே ‘ஓவர்வன்’ என்கிறார்கள். மேல்நீர் என்று அப்படியே வைத்துவிடலாம்.

மெழுகில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பலகை நடுவில் வில்லாக வளைந்திருக்கும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டால் வில் தட்டையாகி, பாதத்தின் கீழ் பூசிய மெழுகு பனியைக் கவ்வும். பாரம் இரண்டு காலுக்கும் பிரிந்ததும் நடுப்பகுதி எழும்ப, இரு நுனிகளும் வழுக்கிப் போகும். கவ்வுவது பிடிமெழுகு, நுனிகளில் தேய்ப்பது வழுக்குமெழுகு. வில்லை வில் என்றே சொல்வோம். நானோ குளிர்காலத்து நீலக்கட்டி மெழுகைப் பூசிக்கொண்டு கிளம்பினேன். குறுணை அதை அரத்தைப்போல் அராவிவிட்டது. சிறிது தூரத்தில் ஓர் அடி முன்னே வைத்தால் அரை அடி பின்னே போனது. மகள் முன்னே போய் நின்று, தோடம்பழம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எடுத்தேன் ‘கிளிஸ்டர்’ என்ற மெழுகுக் குழாயை. பழைய, கரடான பனிக்கு அதுதான் மருந்து. குளிரில் பிதுங்காது, சட்டைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். திறந்தால் நூல்நூலாக இழுபடும். கையுறை, பை, தோடம்பழத் தோல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் பூசாமல் பலாப்பழம் வெட்டியவருக்கு இந்த நிலைமை தெரியும். பலாப்பால் என்றே பெயர் வைக்க ஆசைதான். பட்டியலுக்குப் பிசின்மெழுகு போதும்.

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். ‘ஷீ’யின் பழைய நோர்ஸ் வடிவத்துக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். யாழ்ப்பாணத்தில் கூரைக்குப் பனையைப் பிளந்து எடுப்பது சிலாகை. ஆகவே: பனிச்சிலாகை, சிலாகைநடை. என்ன சொல்கிறீர்கள்?

ஒஸ்லோவிலிருந்து

*

அன்பருக்கு,

பொருக்கும் குறுணையும் பிரமாதம். சிலாகையில்தான் தயக்கம். எங்கள் பக்கம் சலாகை என்றால் முதலில் இரும்புக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. சொல்லும் வடமொழியிலிருந்து வந்தது. நீங்கள் சொன்ன ‘பிளந்தது’ என்ற பொருள் தமிழில் அப்படியே பிளாச்சில் இருக்கிறதே! தட்டி கட்டவும் பந்தல் போடவும் மூங்கிலைப் பிளந்து எடுப்பதற்கு வேறென்ன பெயர்? பனிப்பிளாச்சு, பிளாச்சுநடை.

‘பனிச்சறுக்கு’ என்பதை ஒழித்துவிட வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் விளையாட்டுக்கு அது பொருந்துகிறது, பழகியும்விட்டது. இன்னொன்று: பிடிமெழுகு என்றால் மெழுகைப் பிடி என்று ஏவுவதுபோல இல்லையா? கவ்வுமெழுகு என்றால் உங்கள் விளக்கத்தில் வரும் வினையே சொல்லாகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து

*

ஐயா,

பிளாச்சுக்குத் தலைவணங்குகிறேன். எழுதும்போது எனக்கு வேலி நினைவு வந்தும் இது தோன்றவில்லை: பிளந்த மரத்தால் அடைக்கும் பழைய வேலிக்கு நோர்வேயில் ‘ஷீகார்’ என்றுதான் பெயர். காலில் கட்டுவதும் வேலிக்கு வைப்பதும் அவர்களுக்கும் ஒரே சொல். கவ்வுமெழுகும் சரி.

மேல்நீருக்கு மட்டும் இன்னும் யோசியுங்கள். ஏரியிலிருந்து ஷோவா ஆறு புறப்படும் வாயில் பனிக்கட்டி மெலிந்திருக்கும், அங்கே யாரும் போகக்கூடாது. ஏரி நடுவில் கெட்டியான கட்டியின் மேல் நிற்கும் நீர் வெறுமனே காலை நனைக்கும். எச்சரிக்கைப் பலகையில் இரண்டும் ஒன்றுபோல் வாசிக்கப்பட்டால் ஆபத்து. முன்னதற்கு ‘மென்கட்டி’ என்று மகள் சொல்கிறாள். எனக்கு அது இனிப்புப் பண்டம்போல் கேட்கிறது.