கிட்டாரில் எஃப் மேஜர் கோர்ட் (chord) பிடிக்க யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் மட்டக்களப்பு, கல்லடி. நாலு மாதமாகக் கிட்டார் பழகுகிறேன். சி, ஜி, ஏ மைனர் கோர்ட்கள், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடிகள், எல்லாம் சரி. எஃப் மேஜர்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

முதலாம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே போகும் உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) சுட்டுவிரலைப் படுக்கவைத்து அமத்தி, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். மற்றதெல்லாம் கேட்கிறது, இரண்டாவது கம்பி மட்டும் செத்த சத்தம். அது சரியாக விரல் மடிப்புக்குள் போய் விழுகிறது. விரலைக் கொஞ்சம் எலும்புப் பக்கமாகச் சரித்தபோது ஒருதரம் தெளிவாகக் கேட்டது. அன்று பின்னேரம் முழுக்க அதையே அடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் திரும்பவும் பழையபடிதான்.

இதே பிடியை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்தால் ஏ மேஜர் லேசாக வருகிறது. அங்கே பழகிவிட்டு ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வருவதா, முதலாம் ஃபிரெட்டிலேயே நின்று பழகுவதா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போதும்? பத்து நிமிடத்திலேயே பெருவிரல் அடி நோகிறது.

இன்னொன்று, என் கிட்டாரில் கம்பிகள் உயரமாக நிற்கின்றன. அதைப் பதித்துத் தருகிறவர்கள் மட்டக்களப்பில் இருக்கிறார்களா? மார்கழியில் நத்தார் ஒளிவிழாவுக்கு வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு பாட்டில் எஃப் வருகிறது.