புதுப்பிப்பு: பாரிஸுக்குத் தனியா போயிட்டு வந்தாச்சு

பாரிஸ்ல ராத்திரி இறங்கினா, தனியா வர்ற பொண்ணு ஊருக்குள்ள எப்படிப் போறதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஷார்ல் த கோல் விமான நிலையத்துல வெளியே வந்ததுமே "டாக்ஸி, டாக்ஸி"ன்னு ரெண்டு பேர் பெட்டியைப் பிடுங்காத குறையா வந்தாங்க. நீங்க சொன்ன மாதிரி கண்டுக்காம, பலகையைப் பார்த்து அதிகாரப்பூர்வ டாக்ஸி வரிசைக்குப் போயிட்டேன். பேரமே கிடையாது: ஊருக்கு நடுவே ஓடுற சேன் ஆத்துக்கு வலக்கரைக்குப் போகணும்னா 56 யூரோ, இடக்கரைன்னா 65 (2025 கட்டணம்).

சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுக்குக் கீழே கையில கலர் நூல் கட்டிக் காசு கேக்குற ஆட்கள் இன்னும் இருக்காங்க. "ஹலோ, இந்தியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே விரலைப் பிடிப்பாங்க, நூலை மணிக்கட்டுல முடிச்சுப் போட்டுட்டா காசு கொடுக்காம நகர முடியாது. ரெண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள்ள விட்டுக்கிட்டு விறுவிறுன்னு ஏறிட்டேன். பதில் சொல்லாதது மரியாதைக் குறைவுன்னு நம்ம மனசு உறுத்தும், உறுத்தட்டும்.

மெட்ரோவுல கதவோரம் போனை நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. கதவு மூடுற நேரத்துல பிடுங்கிட்டு இறங்கி ஓடுறது அங்க பழைய உத்தி. அவசரம்னா 112, போலீஸ் மட்டும்னா 17.

பாரிஸ்ல தமிழ்க்காரங்க கடைகள் இருக்குற லா சப்பல் ஏரியா பத்திக் கேட்டவருக்கு: பகல்ல தமிழ்க் கடைகள், சாப்பாடு எல்லாம் ஜோர். ஆனா பக்கத்துல கார் து நோர் ரயில் ஸ்டேஷனைச் சுத்தி ரூம் போட நான் சொல்ல மாட்டேன்.