ஹீமோகுளோபின் மார்ப் ஓடுகிறது, ஆனால் எதுவும் அசையவில்லை. யாராவது பாருங்களேன்

கண்டனூர்க்காரன்:
தேவகோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சி. ஆக்ஸிஜன் ஒட்டும்போது ஹீமோகுளோபின் எப்படி உருமாறுகிறது என்று அரை நிமிட அனிமேஷன் செய்து தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமெரா எக்ஸ் மென்பொருளில் செய்கிறேன், ஒரு வடிவத்தை இன்னொன்றாகப் படிப்படியாக மாற்றிக் காட்டும் அதன் மார்ப் கட்டளையை வைத்து. ஆக்ஸிஜன் இல்லாததற்கு 4எச்எச்பி, இருப்பதற்கு 1எச்எச்ஓ, இரண்டும் புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பிடிபி தளத்தில் எடுத்த ஃபைல்கள். முதலாவதில் நாலு புரதச் சங்கிலி, இரண்டாவதில் இரண்டுதான், ஃபைல் பாதியில் நின்றுவிட்டதோ என்று மூன்று தடவை இறக்கிப் பார்த்தேன், அதே கதை. சரி என்று முதலாவதில் சி, டி சங்கிலிகளை அழித்துவிட்டு மார்ப் கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் லேசாக நடுங்குவதோடு சரி. ரத்தம் என்பதால் எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்து, சுற்றவும் விட்டிருக்கிறேன்.

லேப்பில்_ஒருவன்:
ஃபைலில் கோளாறு இல்லை தம்பி. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டை மட்டும்தான் அதில் எழுதி வைப்பார்கள். ஆத்தங்குடிக் கல்லில் நாலு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுசாகும் இல்லையா, அந்த மாதிரி ஒரு கல்லைக் கையில் கொடுத்து மிச்சத்தைத் திருப்பிப் பதித்துக்கொள் என்கிறது 1எச்எச்ஓ. எப்படித் திருப்புவது என்ற கணக்கும் அதே ஃபைலில் இருக்கிறது. மிச்சத்தைப் பதித்துத் தரும் சிம் கட்டளையில் அசெம்பிளி 1, அதாவது முழு மூலக்கூறு, கேளுங்கள், நகலாகவே வரட்டும், அப்புறம் கம்பைன் செய்தால் நாலு சங்கிலியும் ஒரே மாடலாகிவிடும்.

நீங்கள் அழித்ததுதான் உங்கள் படத்தின் கதாநாயகன். நாலு சங்கிலியில் ஆல்ஃபா வகை இரண்டு, பீட்டா வகை இரண்டு; ஏ, பி ஒரு ஜோடி, சி, டி இன்னொரு ஜோடி. ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி தனக்குள் பெரிதாக மாறுவதில்லை. ஒரு ஜோடியைப் பார்த்து இன்னொரு ஜோடி சுமார் 15 டிகிரி திரும்புகிறது, மாற்றமே அதுதான். அதனால் மார்ப்புக்கு முன்னால் இரண்டு மாடலிலும் ஏ, பி சங்கிலிகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். மொத்தத்தையும் பொருத்தினால் இரண்டு ஜோடியும் ஆளுக்குப் பாதி நகர்ந்து, யார் திரும்பினார்கள் என்றே தெரியாது.

கண்டனூர்க்காரன்:
அண்ணே, வந்துவிட்டது! ஆனால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது.

பள்ளத்தூர் டீச்சர்:
சும்மா விட்டால் மார்ப் 20 பிரேம்தான் போடும். வீடியோ விநாடிக்கு 25 பிரேம், பிறகு எங்கே தெரியும்? 75 போடுங்கள், மூன்று விநாடி கிடைக்கும். முதல் வேலையாக அந்தச் சுற்றலை நிறுத்துங்கள். புரதம் 15 டிகிரி திரும்பும்போது கேமராவும் 360 சுற்றினால் எது எதனுடைய திருப்பம் என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? முதலில் இடம் வலமாக லேசாக ஆட்டி உருவத்தைக் காட்டுங்கள், அப்புறம் கேமராவை நிறுத்திவிட்டு மார்ப், முடிவில் ஒரு விநாடி அசையாமல் விட்டு வந்த வழியே திரும்புங்கள்.

சிவப்பு வேண்டாம். ஆக்ஸிஜன் அணுவுக்கு வழக்கமாகச் சிவப்புதான், உங்கள் படத்தில் அது காணாமலே போகும். ஆல்ஃபாவுக்கு ஒரு வெளிர் நிறம், பீட்டாவுக்கு ஒன்று, ஆக்ஸிஜனைப் பிடிக்கும் ஹீமுக்கு மட்டும் அடர் நிறம். தண்ணீர் மூலக்கூறுகளை மறைத்து, ஓரக்கோட்டைப் போட்டுவிடுங்கள். எங்கள் பள்ளிப் புரொஜெக்டருக்குக் கறுப்புப் பின்னணி ஆகவே ஆகாது, வெள்ளைதான்.

கண்டனூர்க்காரன்:
டீச்சர் சொன்ன மாதிரியே செய்தேன், இப்போது பளிச்சென்று இருக்கிறது. ஒரே சந்தேகம், மார்ப்பில் ஆக்ஸிஜனே இல்லையே?

லேப்பில்_ஒருவன்:
இரண்டு மாடலிலும் பொதுவாக உள்ள அணுக்களைத்தான் மார்ப் வைத்துக்கொள்ளும். கடைசி பிரேமில் 1எச்எச்ஓவின் ஆக்ஸிஜனைத் தனியாகக் காட்டுங்கள். பறந்து வந்து ஒட்டுவது போல விட்டால் அது நீங்கள் போட்ட கோலம் என்று சொல்லிவிடுங்கள், மார்ப்பின் நடுவழியும் அப்படித்தான், எக்ஸ்ரேயில் கண்டது இரண்டு முனைகளை மட்டுமே. ஹீமின் இரும்பு நகர்வது அரை ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது, அதற்கு நெருக்கத்தில் தனியாக ஒரு காட்சி எடுங்கள்.

கண்டனூர்க்காரன்:
நெருக்கக் காட்சி இன்று ராத்திரி. வீட்டில் ஓட்டிக் காட்டினேன், ஆயா பார்த்துவிட்டு, தேன்குழல் நல்லா முறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கு, எண்ணெயில் எப்போ போடுவே என்று கேட்டார்கள்.