டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2, ஜப்பான் 100 வோல்ட் மாடல்: எதிலிருந்து தொடங்கலாம்?

வெலிங்டன் வாசி:

வணக்கம். குன்னூர் பக்கம் வெலிங்டனிலிருந்து எழுதுகிறேன். எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் மெஷின்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஜப்பான் உள்நாட்டு மாடல், பின்பக்கத் தகட்டில் ஏசி 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பல வருஷம் ஓடாமல் கிடந்த மெஷின். கடையில் கிடைத்த ஒரு ஸ்டெப்டவுனில் (வீட்டு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில்) போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

பிட்ச் ஃபேடர் (வேகத்தைச் சதவீதக் கணக்கில் கூட்டிக் குறைக்கும் நகர்த்துக் குமிழ்) நடுவில் நின்று பச்சை விளக்கு எரியும்போது ஸ்ட்ரோப் புள்ளிகள் (வேகம் சரியா என்று காட்டும் ஓரத்துப் புள்ளிகள்) அசையாமல் நிற்கின்றன. நடுவை விட்டு நகர்த்தினால் வேகம் எகிறி எகிறிக் குதிக்கிறது, +1க்கும் +3க்கும் இடையில் ரொம்ப மோசம். பிளாட்டர் (தட்டு வைக்கும் சுழல் தகடு) சுற்றும்போது சுற்றுக்கு ஒரு தடவை 'சர்ர்' என்று உரசல். ஹெட்ஷெல்லை (ஆர்ம் நுனியில் ஊசியைத் தாங்கும் பகுதியை) தொட்டால் இடது சேனல் போய்ப் போய் வருகிறது. ஹம் (ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல்) இருக்கிறது. ஊசிக்கு வெளிச்சம் காட்டும் விளக்கு எரியவில்லை. இங்கே சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கும், நடுராத்திரி 250ஐத் தொடும். வீடு பழைய பங்களா, பலகைத் தரை. யாராவது நடந்தால் ஊசி தாவுகிறது.

கெபாசிட்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா? பிறகு ஸ்ட்ரோபுக்கு நீல எல்இடி, கழற்றி மாட்டும் ஆர்சிஏ ஆடியோ கேபிள், புதுக் கால்கள் என்று கொஞ்சம் அலங்காரமும் ஆசை. எந்த வரிசையில் போகலாம்?

சால்டரிங் சாமி:

கெபாசிட்டர் பக்கம் இப்போ போகாதீங்க சார். நீங்க எழுதினதிலேயே பாதி விடை இருக்கு. நடுவில் வைத்தால் புள்ளி நிற்குதுன்னா குவார்ட்ஸ் (வேகத்துக்கு அளவு கொடுக்கிற படிகம்), மோட்டார் டிரைவர் ஐசி, ஸ்டேட்டர் காயில் (மோட்டாரின் அசையாத சுருள்), வேகத்தை உணர்கிற காயில் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். டிரைவர் போயிருந்தா பிளாட்டர் சுத்தாது, இல்லன்னா கட்டுப்பாடே இல்லாம முழு வேகத்தில் பறக்கும். நடுவை விட்டதும் மட்டும் கூத்தடிக்குதுன்னா ஃபேடரின் கார்பன் தடத்தில் அழுக்கு. மலையில் வருஷக்கணக்கா கிடந்த மெஷினுக்கு இதுதான் முதல் வியாதி. பனிமூட்டத்து ஈரம் ஒரு பக்கம், பழைய கிரீஸ் இறுகிப்போனது இன்னொரு பக்கம்.

செய்முறை: பிளக்கைச் சுவரிலிருந்தே உருவுங்க, பவர் குமிழை அணைத்தது போதாது. பிளாட்டரைத் தூக்கி, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்க. டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேதான் இருக்கு, அதனால அஞ்சு நிமிஷம் விட்டுட்டுக் கை வைங்க. ஃபேடரை அதன் தாங்கியோடு வெளியே எடுத்து, படிவு விடாத காண்டாக்ட் க்ளீனரைப் பிளவுக்குள் ரெண்டு மூணு சின்ன பீச்சு பீச்சி, முனைக்கு முனை முப்பது நாப்பது தடவை நகர்த்துங்க. கறுப்புத் தண்ணி வடியும். திருப்பிப் பிடிச்சு வடிய விட்டு இன்னொரு தடவை. காய்ஞ்சதும் இரும்புக் கம்பித் தண்டில் மட்டும் சிலிக்கான் கிரீஸை ஈர்க்குச்சி நுனியளவு தடவுங்க. கார்பன் தடத்தில் கிரீஸ் பட்டால் பழையபடி குதிக்கும்.

சாதாரண டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அதே பெயரில் தனி காண்டாக்ட் க்ளீனர் டப்பா வருது, அது பரவாயில்லை. சாதா டப்பா எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும், அதில் தூசி ஒட்டி இப்போ இருக்கிறதைவிட மோசமாகும்.

சுத்தம் பண்ணின பிறகும், நடுக் 'க்ளிக்'கை விட்டு வெளியே வரும்போது வேகம் ஒரு சின்னப் படி ஏறுவது தெரியும். அது எம்கே2வின் பிறவிக் குணம். க்ளிக்கில் இருக்கும்போது ஃபேடரையே ஒதுக்கிட்டு குவார்ட்ஸைப் பிடிச்சுக்கும். அதைச் சரி பண்ணக் கிளம்பிடாதீங்க. சோதனைக்கு, பிளாட்டர் ஓரத்துப் புள்ளி வரிசை நாலையும் பாருங்க: +6, +3.3, 0, -3.3. ஃபேடரை அளவுகோலில் +6இல் வைத்தால் +6 வரிசை நிற்கணும், மத்ததும் அப்படியே. கொஞ்சம் ஊர்ந்தால் உள்ளே டிரிம் திருகு இருக்கு, ஆனா ஃபேடர் சுத்தமாகிற வரைக்கும் அதைத் தொடாதீங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். குளிர்ந்த ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்த உடனே பிளக் போடாதீங்க. அலுமினிய உடம்பு முழுக்க வேர்க்கும், போர்டும் சேர்ந்து வேர்க்கும். ஒரு ராத்திரி அறையிலேயே கிடக்கட்டும்.

சிங்காநல்லூர் காயில்:

ஸ்டெப்டவுனைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 110 வோல்ட், அதுவும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது ஒரே சுருள் கொண்டது. நடுராத்திரி 250 வந்தால் அது கிட்டத்தட்ட 120 கொடுக்கும். 100 வோல்ட் மெஷினுக்குள் வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் அந்த மிச்ச வோல்டேஜ் முழுவதையும் சூடாக்கித் தள்ள வேண்டும். சாயங்காலம் 190 வந்தால் கதை தலைகீழ். 230:100 விகிதம் வைத்தாலும் கிடைப்பது 83தான். ரெகுலேட்டர் வேலை செய்யத் தேவையான கூடுதல் வோல்டேஜ் போதாமல் 100 ஹெர்ட்ஸ் அலை சர்வோவுக்குள் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுக்குள்) கசியும்.

இந்த மெஷின் இழுப்பது 13.5 வாட்தான். 50 விஏ போதும், ஆனால் தனித்தனிச் சுருளாக, 230க்கு 100 என்று சொல்லிச் சுற்றி வாங்குங்கள். கோவையில் காயில் கட்டுகிற எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். பிரைமரியில் 0.5 ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ். அதற்கு முன்னால் டிவிக்கு வைக்கிற சாதாரண ஸ்டெபிலைசர் ஒன்று. பெட்டியை டர்ன்டேபிளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) என்பதே ஒரு காயில், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அது அப்படியே ஹம்மாகப் பாடும். உங்கள் ஹம்மில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். பெட்டியை நகர்த்தும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சந்தேகமே இல்லை.

முதல் ஓட்டத்துக்கு 40 வாட் குண்டு பல்பு சீரிஸில் போட்டு ஓட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. லேசாகச் சிவந்தால் சரி, பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

வெலிங்டன் வாசி:

நன்றி. ஃபேடர் விஷயம் புரிந்தது. பேரிங்குக்கு எண்ணெய் விடச் சொல்லி மேனுவலில் இருக்கிறது. வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறது, பைக் எஞ்சின் ஆயில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்கூட விடலாம் என்று ஒருவர் சொன்னார். உரசல் சத்தம் எண்ணெய் இல்லாததாலா?

கேத்தி ரேடியோ:

தேங்காய் எண்ணெயா! 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற சாமான் அது. நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் பாட்டிலைக் கணப்பு பக்கத்துல வச்சுத்தான் தலைக்குத் தேய்க்கிறோம், அதைப் போய் பேரிங்குல விடறதா? எஞ்சின் ஆயிலும் கூடாது, அதுல அழுக்கைக் கரைக்கிற சேர்க்கைகள் இருக்கும். நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஓகே. முறையானது அந்த மாதிரிச் சேர்க்கை இல்லாத டர்பைன் ஆயில், ஐஎஸ்ஓ விஜி 32 ரகம். மேனுவல் சொல்றது 2000 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 அல்லது 3 சொட்டு, நடுத் தண்டோட அடியில. அதுக்கு மேல விட்டா வழிஞ்சு போர்டுக்குப் போகும்.

ஆனா உரசலுக்குக் காரணம் எண்ணெய் இல்லைன்னுதான் தோணுது. பேரிங் காய்ஞ்சா சத்தம் தொடர்ச்சியா வரும், சுத்துக்கு ஒண்ணுன்னு வராது. பிளாட்டரைத் திருப்பிப் பாருங்க. இந்த மாடல்ல மோட்டாரோட காந்தம் பிளாட்டர் அடியிலேயே இருக்கு. ரெண்டு விரல் துளையிலயும் விரல் விட்டு நேரா மேலே தூக்கணும், காந்தம் கீழே இழுக்கும், சாய்ச்சுப் பிடுங்காதீங்க. அந்தக் காந்த வளையத்துல இரும்புத்தூள், ஸ்டேப்ளர் பின் துண்டு, சில நேரம் ஒரு சின்ன ஸ்க்ரூவே குந்தியிருக்கும். துணியால துடைச்சா தூள் இடம் மாறுமே ஒழிய வராது. இன்சுலேஷன் டேப்பைப் பசைப் பக்கம் வெளியே வர்ற மாதிரி விரல்ல சுத்தி ஒத்தி ஒத்தி எடுங்க. கீழே ஸ்டேட்டர் காயில் மேலயும் அதே மாதிரி, ஆனா அழுத்தாம. எனாமல் உரிஞ்சா அந்தக் காயிலுக்கு மாத்து கிடையாது.

சாமி அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். எம்கே2 வந்தது 1979ல. வேற எதையும் தொடாட்டியும் பவர் சப்ளையோட பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மாத்திடறது நல்லது. காய்ஞ்ச கெபாசிட்டர் ரெகுலேட்டரையும் கூட்டிட்டுப் போகும்.

சால்டரிங் சாமி:

பவர் சப்ளை மட்டும்னா சரி, ஒத்துக்கிறேன் தம்பி. பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி ரகம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவா வருதேன்னு பெயர் தெரியாத பிராண்டை எடுக்காதீங்க. கழற்றும் முன்னாடி நெகட்டிவ் பட்டை எந்தப் பக்கம்னு போனில் படம் எடுத்துக்கோங்க. சர்வோ பக்கத்துச் சின்ன கெபாசிட்டர்களை மொத்தமா மாத்தப் போய்த்தான் தடம் உரிஞ்சு நல்ல மெஷின் பல வீணாப் போகுது. அதைவிட ரெகுலேட்டர் டிரான்சிஸ்டர் கால்களையும் கனெக்டர் கால்களையும் லென்ஸ் வச்சுப் பாருங்க. காலைச் சுத்தி மெல்லிசா ஒரு வளையக் கோடு தெரிஞ்சா சால்டர் விட்டுப்போச்சு. கொஞ்சம் ஃப்ளக்ஸ், புது ஈயம், 330 டிகிரி, ரெண்டு மூணு வினாடி, அவ்வளவுதான். முடிஞ்சதும் ரெகுலேட்டர் வெளிவரும் இடத்தில் மீட்டர் வையுங்க. கரண்ட் 200இல் இருந்தாலும் 240இல் இருந்தாலும் அந்த அளவு மாறக்கூடாது. மாறினால் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்க, இல்லன்னா ரெகுலேட்டரை.

ஊசிமுனை:

இடது சேனலுக்கு வருகிறேன். ஹெட்ஷெல்லைத் தொட்டால் போகிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை ஆர்ம் முனையின் நான்கு பித்தளைப் பின்கள்தான். அவை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் பல் குத்தும் குச்சியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், நான்கும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் தொட்டுத் துடையுங்கள். ஹெட்ஷெல் பக்கத்துப் பின்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் தூளை ஊதிவிடுங்கள்.

அப்படியும் கோளாறு தீரவில்லை என்றால் ஹெட்ஷெல் வயர்களை இடம் மாற்றுங்கள். வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பையும் நீலம் இருந்த இடத்தில் பச்சையையும் போட்டு, மற்ற இரண்டையும் எதிர்ப்பக்கம் போடுங்கள். கோளாறு வலதுக்குத் தாவினால் கார்ட்ரிட்ஜ், இடதிலேயே நின்றால் ஆர்ம் அல்லது கேபிள். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, பின்னிலிருந்து ஆர்சிஏ நடுமுனை வரை மீட்டரில் பாருங்கள். சில ஓம்தான் காட்ட வேண்டும். ஆர்மை மெல்ல நகர்த்தும்போது எண் துள்ளினால் ஆர்முக்குள் முடிபோன்ற வயரில் முறிவு, அது வேறு வேலை.

ஹம்முக்கு முதலில் தனியாகத் தொங்கும் கிரவுண்ட் வயர் ஆம்ப்ளிஃபயரின் ஜிஎன்டி திருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ஆம்ப் போகும் சுவர் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்கு உண்மையில் எர்த் வருகிறதா என்று. பழைய பங்களா வயரிங்கில் அந்தத் துளை சும்மா அழகுக்கு இருக்கும்.

கழற்றி மாட்டும் ஆர்சிஏவுக்காக உடம்பில் துளை போடாதீர்கள். 15 சென்டிமீட்டர் ஷீல்டு கேபிளை உள்ளே போர்டில் சால்டர் செய்து, வெளிமுனையில் பெண் சாக்கெட் வைத்தால் அதே வசதி, துளையும் இல்லை. அடிப்பக்க ரப்பர் தளத்தைக் கழற்றும்போது திருகுகள் நீளம் வேறு வேறு. அட்டையில் வெளிவட்டம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மொத்தக் கேபிள் நீளம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஏடி-விஎம்95இ (ஆடியோ-டெக்னிகா கார்ட்ரிட்ஜ்) போடுவதாக இருந்தால் அது கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ். நீளக் கேபிளும் ஆம்பின் உள்ளீடும் சேர்ந்து அதைத் தாண்டினால் உச்சஸ்தாயி கூசும். அதற்கு ஊசி தட்டில் அழுத்தும் எடை 2.0 கிராம். ஊசி நுனியிலிருந்து ஹெட்ஷெல் கழுத்து வாஷர் வரை 52 மில்லிமீட்டர், ஓவர்ஹாங் (ஊசி நுனி நடுத் தண்டைத் தாண்டி நிற்கும் தூரம்) 15 மில்லிமீட்டர் சரியாக வந்துவிடும்.

கேத்தி ரேடியோ:

ஊசி விளக்கு சுலபம். பழைய பல்பு போன இடத்துல வெள்ளை எல்இடி. முதல்ல அந்த ரெண்டு வயர்லயும் எத்தனை வோல்ட், டிசியா ஏசியான்னு அளங்க. 12 டிசின்னு வந்தா, எல்இடி எடுக்கிறது 3, மிச்சம் 9, 5 மில்லி ஆம்பியருக்கு 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஏசியா இருந்தா எல்இடிக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டையோடைத் திருப்பிப் போடுங்க. ஸ்ட்ரோபுல நீலம் போட்டா, சிவப்பு 2 வோல்ட்டுக்குள்ள எரியறது, நீலம் 3 கேக்கும், அதே ரெசிஸ்டர்ல மங்கலாத்தான் எரியும். என்னைக் கேட்டா சிவப்பே புள்ளியைத் தெளிவாக் காட்டுது.

புதுக் கால்களால பலகைத் தரை சரியாகாது. தரையே ஆடறப்போ மேஜைக்கு மேல என்ன வச்சாலும் சேர்ந்து ஆடும். வெளிச்சுவர்ல எல் ஆங்கிள் அடிச்சு அதுக்கு மேல 18 மில்லி பிளைவுட், அதுக்கு மேல 60க்கு 45 சென்டிமீட்டர், 20 மில்லி கடப்பா கல். கல்லே 15 கிலோ வரும், மெஷினும் சேர்ந்தா 27 தாண்டும், அதனால ஆங்கிள் 50 கிலோ தாங்கறதாப் பாருங்க. பழைய சுவர்னா பூச்சுக்குப் பின்னாடி கருங்கல்லும் மண் கலவையும். ட்ரில் மண்ல இறங்கினா இடத்தை மாத்துங்க, கல்லுல போல்ட் பிடிக்கணும்.

வெலிங்டன் வாசி:

கடைசியாக ஒன்று. 78 ரெக்கார்டுகள் (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள்) கொஞ்சம் இருக்கின்றன. இதில் 78 வேகம் கொண்டுவர முடியுமா?

ஊசிமுனை:

தனி போர்டு வைத்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தேவை கணினியில் ஏற்றிக்கொள்வதுதான் என்றால் மெஷினைத் தொட வேண்டாம். 45இல் ஓட்டிப் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை 1.739 மடங்கு ஆக்குங்கள், அது 78.26ஐ 45ஆல் வகுத்தது. ஊசி மட்டும் கட்டாயம் வேறு வேண்டும். எல்பி ஊசி 78 பள்ளத்தின் அடிமட்டத்தில் இழுபட்டுப் பாழாகும். விஎம்95 வரிசையில் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வருகிறது, அழுத்தும் எடை 5 கிராம். அந்தத் தட்டுகள் அரக்கு. பூஞ்சை பிடித்திருந்தால் ஆல்கஹால் கலந்த எதையும் தொடாமல், காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். லேபிள் நனையக் கூடாது.