அப்ரைசலில் 3 வந்திருக்கிறது, 'ஒப்புக்கொள்' பட்டனை அழுத்தலாமா?

தூக்கம்_கெட்டவன்:
வருஷம் முழுக்க ஒரு குறையும் சொல்லாத மேனேஜர், அப்ரைசல் மீட்டிங்கில் 5-க்கு 3 என்கிறார். செல்ஃப் அப்ரைசலில் நான் 4 போட்டிருந்தேன். கேட்டால் "நான் 4 தான் கொடுத்தேன், மேலே குறைத்துவிட்டார்கள்" என்கிறார். உண்மையா, நழுவுகிறாரா? பட்டனை அழுத்தச் சொல்லி எச்ஆர் மெயில் வேறு வந்துகொண்டே இருக்கிறது. அழுத்தாவிட்டால் என்ன ஆகும்?

பழைய_லீட்:
உண்மையாகவும் இருக்கலாம். மேனேஜர் போடுவது முதல் மார்க் மட்டும்தான். அப்புறம் கேலிபரேஷன் என்று ஒரு மீட்டிங் நடக்கும். மேனேஜர்கள் எல்லாரும் ஒரே எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 4-லும் 5-லும் ஆள் அதிகமாக இருந்தால் யாரையாவது கீழே இறக்குவார்கள். உங்கள் பெயர் வரும்போது அவருக்குப் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். "நல்லா வேலை செய்வார்" என்பது அங்கே எடுபடாது. "அந்த ரிலீஸை இவர்தான் முடித்தார், அதன் பிறகு கஸ்டமர் புகார் நின்றது" என்றால் எடுபடும். என்ன சொல்லி 4 கேட்டீர்கள், என்ன காரணத்துக்குக் குறைத்தார்கள் என்று நேராகவே கேளுங்கள். பதில் தடுமாறினால் அவர் அங்கே வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்புலி:
எல்லாம் பெல் கர்வ் செய்கிற வேலை, அதாவது இத்தனை சதவீதம் பேருக்குத்தான் இந்த மார்க் என்று முன்கூட்டியே பங்கு வைப்பது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் மேல், நடு, கடைசி என்று 20-70-10 சதவீதமாக ஆட்களைப் பிரித்து, கடைசி 10 சதவீதத்தை வெளியே அனுப்பியதை ஒரு காலத்தில் பல கம்பெனிகள் காப்பி அடித்தன. அடோபி 2012-ல் வருடாந்திர அப்ரைசலையே தூக்கிப் போட்டது, மைக்ரோசாஃப்ட் 2013-ல் இந்த ரேங்க் முறையைக் கைவிட்டது. ஆனால் கர்வ் போனாலும் இன்க்ரிமென்ட்டுக்கு ஒதுக்கிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்குமே! ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்கத்தான் வேண்டும்.

எச்ஆர்_பக்கத்து_சீட்:
பட்டன் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அதன் பக்கத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். பல இடங்களில் அது 'பார்த்தேன், பேசினோம்' என்பதற்குத்தான், சம்மதம் என்பதற்கு அல்ல. இழுத்தடிப்பதால் மட்டும் ரேட்டிங் மாறாது. கமென்ட் பாக்ஸில் "இதில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் இவை" என்று கோபமில்லாமல் நாலு வரி எழுதிவிட்டு அழுத்துங்கள். கம்பெனியில் அப்பீலுக்கு வழி இருந்தால் அதற்குக் கெடு இருக்கும், அதைத் தவற விடாதீர்கள்.

தூக்கம்_கெட்டவன்:
சரி, எழுதிவிட்டே அழுத்துகிறேன். 3 வந்தால் அடுத்து பிஐபி, அதாவது 'இந்தக் கெடுவுக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டு' என்ற திட்டம், போடுவார்களா?

எச்ஆர்_பக்கத்து_சீட்:
3 என்றால் பொதுவாக 'எதிர்பார்த்த அளவு' என்றுதான் அர்த்தம், அதற்குப் பிஐபி வராது. 1, 2 வாங்கியவர்களுக்குத்தான் 30, 60, 90 நாள் என்று கெடு வைப்பார்கள். அதில் இலக்கு அளக்கக்கூடியதாக இருந்தால் மோதிப் பார்க்கலாம், 'மனப்பான்மையை மாற்றிக்கொள்ளவும்' என்ற ரகமாக இருந்தால் அன்றைக்கே ரெஸ்யூமேவைத் தூசி தட்ட வேண்டியதுதான். உங்களுக்கு அடி விழுவது ப்ரமோஷனில். அடுத்த முறை 4-க்கு என்ன செய்ய வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டு, அவர் சொன்னதை அன்றே அவருக்கு மெயிலாக அனுப்பிவிடுங்கள்.